பதினோரு மணித் திசை

லெப்டினன்ட் கார்க்காமோ அந்தப் பெண்மணியோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் கேப்டன் நிபால்தோ ஓயார்சூனுக்குச் சந்தேகம் தட்டியது.

மாலைத் தேநீர் நேரம். விமானப்படைத் தளத்து மெஸ்ஸில் இருபது பேர் இருந்தார்கள். இருபது பேரும் அவகாடோ தடவிய ரொட்டியைக் கடித்துக்கொண்டே காதை அந்த மேஜைப் பக்கம்தான் வைத்திருந்தார்கள். அந்தப் பெண்மணியின் பெயர் ஹிமேனா. விமானிகள் வானத்தில் பார்த்துத் தொலைக்கும் இன்னதென்று தெரியாத பொருள்களை விசாரிக்கும் குழுவிலிருந்து, அன்று காலைதான் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். நரைத்த தலை, தடித்த கண்ணாடி, கையில் ஒரு பென்சில். பார்த்தால் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். இப்படி அப்பாவியாக இருப்பவர்கள்தான் ஆபத்து என்று நிபால்தோ முடிவு கட்டிவிட்டான்.

அப்படி என்ன சிரிப்பு? விசாரணை நாளைக்குத்தானே? இன்றைக்கே எதற்கு இந்தப் பயல் அவளுக்குச் சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தி நகர்த்திக் கொடுக்கிறான்?

நடந்தது இவ்வளவுதான். போன வியாழக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பத்தொன்றுக்கு இரண்டு போர் விமானங்கள் பாலைவனத்துக்கு மேலே வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. வலப்பக்கம் தலைவனாக நிபால்தோ. அவனுக்கு இடப்பக்கம், இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஜோடி விமானத்தில் லெப்டினன்ட் எஃப்ராயின் கார்க்காமோ. பளிச்சென்ற வெயில். மேகம் என்று சொல்லப் பஞ்சு அளவுகூட இல்லை. அந்த வானத்தில் சாம்பல் நிறமாக, ஈயப் பாத்திரத்து மூடி மாதிரி ஒன்று நின்றது. இறக்கை இல்லை, புகை இல்லை. எட்டு விநாடி இருந்திருக்கும். அப்புறம் இல்லை.

வானொலியில் கார்க்காமோ கேட்டான். "கேப்டன், அதைப் பாத்தீங்களா?"

நிபால்தோ சொன்னான். "எதை?"

பார்த்தவன்தான். நன்றாகப் பார்த்தவன்தான். ஆனால் கேப்டன் பாரியென்தோஸின் கதை அவனுக்குத் தெரியுமே. இரண்டு வருஷத்துக்கு முன்பு பாரியென்தோஸ் கடலுக்கு மேலே ஒரு வெளிச்சத்தைப் பார்த்தான். பார்த்ததை யோக்கியமாக எழுதியும் கொடுத்தான். தலைநகருக்குக் கூப்பிட்டார்கள், டாக்டர் முன்னால் உட்கார வைத்தார்கள், தூங்குகிறாயா, குடிக்கிறாயா, பெண்டாட்டியோடு சண்டையா என்று மூன்று மாதம் குடைந்தார்கள். இப்போது கிடங்கில் போர்வைகளுக்கும் பூட்ஸ்களுக்கும் காவல். அவன் சாப்பிட வந்தால் யாராவது ஒருத்தர் கேட்காமல் விடுவதில்லை: "என்ன பாரி, செவ்வாய் கிரகத்துல உருளைக்கிழங்கு என்ன விலை?" அவனும் சிரித்துவிட்டுப் போய்விடுவான். அந்தச் சிரிப்பைப் பார்க்க நிபால்தோவுக்குச் சகிக்காது. பறப்பதை விட்டால் தனக்கு வேறு எதுவும் தெரியாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் வானொலியில் பேசுவதெல்லாம் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் டேப்பில் பதிவாகிறது. கர்னல் கூப்பிட்டுவிட்டார். "ரெண்டு பேரும் எழுதிக் குடுங்கய்யா. மேலிடத்துக்கு அனுப்பணும்."

அந்தப் படைப்பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஜோடியாகப் பறந்தவர்கள் ஜோடியாகவே எழுத வேண்டும். நேரம், உயரம், எரிபொருள் எல்லாம் இரண்டு தாளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்தர் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்ப்பார். ஓர் எண் பிசகினாலும் தலைவனுக்குத்தான் திட்டு. அதனால் ஜோடிக்காரன் தலைவனின் எண்ணைப் பார்த்து எழுதிவிடுவான். இதைத் தப்பென்று யாரும் நினைத்ததே இல்லை. ஒழுங்கு என்றுதான் நினைத்தார்கள்.

ஒருவன் பார்த்தேன் என்றும் இன்னொருவன் பார்க்கவில்லை என்றும் எழுத அங்கே வழியில்லை. அன்றும் அப்படியே உட்கார்ந்தார்கள். பொருள் தெரிந்த திசையை எழுதும் இடம் வந்தது. விமானிகள் திசையைக் கடிகாரமாகத்தான் சொல்வார்கள். மூக்குக்கு நேரே என்றால் பன்னிரண்டு. அதற்குக் கொஞ்சம் இடப்பக்கம் பதினொன்று.

"பதினொண்ணு" என்றான் நிபால்தோ.

கார்க்காமோ பேனாவை நிறுத்தினான். "எனக்குப் பன்னிரண்டு, கேப்டன். நேர் மூக்குல."

"டேய், ஒரே பொருளு ஒருத்தனுக்குப் பதினொண்ணுலயும் ஒருத்தனுக்குப் பன்னிரண்டுலயும் எப்படிடா இருக்கும்? அந்தக் குழுக்காரங்க காதுல பூ சுத்துறோம்னு நினைக்க மாட்டாங்களா?"

"ஆனா நான் பாத்தது..."

"பயத்துல கழுத்தைத் திருப்பியிருப்பே, உனக்கே தெரிஞ்சிருக்காது. உருளைக்கிழங்கு தின்னு வளர்ந்த தீவுக்காரப் பயலுக்குத் திசையெல்லாம் எங்க தெரியப்போகுது? எழுதுடா, பதினொண்ணு."

தெற்கே மழைத் தீவில் பிறந்த கார்க்காமோவை அங்கே எல்லாரும் அப்படித்தான் கேலி செய்வார்கள். அவன் சிரித்துக்கொண்டே பதினொன்று என்று எழுதினான். தாள்களை ஜன்னலில் ஒட்டிப் பார்த்தார்கள். ஒரே தாள் போல இருந்தன.

இப்போது மெஸ்ஸில் கேட்ட அதே சிரிப்புதான் நிபால்தோவைப் பிடுங்கித் தின்றது. பறக்கும்போது விமானிகள் தொடையில் ஒரு குறிப்பேட்டைக் கட்டியிருப்பார்கள். கார்க்காமோ வானத்திலேயே அதில் எதையோ கிறுக்கியிருப்பான். அந்தத் தாள் எங்கே? அதைத் தூக்கி அந்தப் பெண்மணி முன்னால் வைத்து, 'கேப்டன்தான் மாத்தி எழுதச் சொன்னார்' என்று பயல் தப்பித்துக்கொண்டால்? இருபத்தேழு வயசு. தலைவனாக ஆசை இருக்காதா என்ன?

அவன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு உடை மாற்றும் அறைக்குப் போனான். அங்கே யாரும் அலமாரியைப் பூட்டுவதில்லை. பூட்டினால் அடுத்தவனைத் திருடன் என்று சொன்னது போல. கார்க்காமோவின் அலமாரியைத் திறந்து, பறக்கும் உடையின் பாக்கெட்டில் கையை விட்டான். தாள் அங்கேதான் இருந்தது. நான்காக மடித்து, பத்திரமாக.

'15.41. பன்னிரண்டு. நேர். பெரிசாகுது.'

பெரிசாகுதா? இதை இந்தப் பயல் என்னிடம் சொல்லவே இல்லையே! திருட்டுப் பயல், தனக்கென்று ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டிருக்கிறான். நிபால்தோ தாளைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டு இரண்டு தடவை தண்ணீர் விட்டான். அப்புறம்தான் மூச்சு வந்தது. ஒரு நல்ல மனுஷன் திருடனாவதற்கு அவ்வளவு நேரம்தான் பிடிக்கிறது.

மறுநாள் காலை ஹிமேனா முதலில் கார்க்காமோவைக் கூப்பிட்டாள், அப்புறம் நிபால்தோவை. மேஜையில் இரண்டு தாள்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"உக்காருங்க, கேப்டன். பதினோரு மணித் திசைன்னு எழுதியிருக்கீங்க. நீங்களே பாத்ததுதானே?"

"நானே பாத்ததுதான், மேடம்."

"உங்க லெப்டினன்ட்டும் அதையேதான் சொல்றார். கேள்வியை மாத்தி மாத்தி நாலு தடவை கேட்டேன், அசையவே இல்ல."

நிபால்தோ நம்பவில்லை. தூண்டில் போடுகிறாள் என்று நினைத்தான். அவள் பென்சிலை எடுத்து ஒரு காகிதத்தில் இரண்டு புள்ளி வைத்தாள்.

"இது நீங்க, இது அவர். நடுவுல ரெண்டு கிலோமீட்டர். நீங்க பதினொண்ணுல பாத்தீங்க." ஒரு கோடு இழுத்தாள். "அவரும் பதினொண்ணு." இன்னொரு கோடு. "பாருங்க, ரெண்டும் ரயில் தண்டவாளம் மாதிரி பக்கத்துல பக்கத்துல போகுதே தவிர எங்கயும் சேரல. ரெண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ரெண்டு பேருக்கும் ஒரே திசையில தெரியணும்னா, அது கோடிக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துல இருக்கணும். அன்னிக்கு அந்த நேரத்துல, அந்தத் திசையில வெள்ளிக் கிரகம் இருந்தது. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"வெள்ளியா?"

"பகல்ல வெள்ளியைக் கண்டுபிடிக்கக் கூர்மையான கண்ணு வேணும், கேப்டன். டாக்டர் எல்லாம் தேவையில்ல. ஃபைலை மூடிடறேன். நாளையிலருந்து நீங்க பாட்டுக்குப் பறங்க."

வெளியே வந்தபோது நிபால்தோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளி! கேலி பண்ணுவார்கள், பண்ணட்டுமே. ஒரு வாரம் பண்ணுவார்கள். விசில் அடித்துக்கொண்டே அட்டவணைப் பலகைக்கு முன்னால் போய் நின்றான். நாளைக் காலை: ஓயார்சூன், கார்க்காமோ. அதே வடக்குப் பாதை.

பக்கத்தில் பாலைவனத்தின் வரைபடம் மாட்டியிருந்தது. சும்மா, விளையாட்டாகத்தான், படத்தின் கண்ணாடி மேலிருந்த தூசியில் விரலால் இரண்டு புள்ளி வைத்தான். தன் புள்ளியிலிருந்து பதினொன்றுக்கு ஒரு கோடு. கார்க்காமோவின் புள்ளியிலிருந்து அந்தப் பயல் முதலில் சொன்ன பன்னிரண்டுக்கு, நேராக ஒரு கோடு.

கோடுகள் சேர்ந்தன.

கார்க்காமோவின் மூக்குக்கு நேரே, மூன்றரை கிலோமீட்டரில் சேர்ந்தன. அந்த வேகத்தில் அது பதினாலு விநாடி தூரம். பெரிசாகுது என்று எழுதியிருந்தான் பயல்.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அது வெள்ளியும் இல்லை, கழுத்துத் திரும்பியதும் இல்லை. ஏதோ ஒன்று அவனுக்கு நேராக நின்றிருக்கிறது, அவன் அதை நோக்கிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறான். தலைவன் சொல்லாமல் ஜோடிக்காரன் வரிசையை விட்டு விலகக் கூடாது. அதனால்தான் வானொலியில் கேட்டான். தலைவன் 'எதை?' என்றான். அவனும் நம்பி நேராகவே போனான். அதுவாக மறையாமல் இருந்திருந்தால்? நிபால்தோவுக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் அப்படி வெட்கப்பட்டதே இல்லை.

பேசாமல் இருந்துவிடலாம். நாளைக்குப் பறக்கலாம். நாளைக்கு அந்தப் பயல் மறுபடியும் இடப்பக்கம் வருவான்.

அவன் திரும்பிப் போய்க் கதவைத் தட்டினான். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான்: கார்க்காமோ சொன்னது பன்னிரண்டு, மாற்றச் சொன்னது நான், கோடுகள் சேருகின்றன, அந்தப் பாதையை மூடச் சொல்லுங்கள்.

ஹிமேனா கண்ணாடியைக் கழற்றினாள். முகத்தில் இருந்த கனிவெல்லாம் போய்விட்டது.

"கொஞ்ச நேரம் முன்னாடி ரெண்டு பேரும் பாத்தது பதினொண்ணுன்னு ஒத்துக்கிட்டீங்க."

"என்னோடது பதினொண்ணுதான். அவனோடதுதான் பன்னிரண்டு. தாள்ல எழுதி வச்சிருந்தான், நானே பாத்தேன்."

"அந்தத் தாள் எங்கே?"

"கிழிச்சு... கழிப்பறையில போட்டுட்டேன்."

"அவர் அலமாரியைத் திறந்து எடுத்து."

"ஆமா."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "கேப்டன், ஃபைல் மூடுறேன்னதும் புதுசா ஒரு கதையோட திரும்பி வர்றவங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். வெள்ளின்னா சிலருக்குச் சப்புன்னு போயிடும். சரி, வெளியே இருங்க. லெப்டினன்ட்கிட்ட கேக்கறேன். அவர் ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா அந்தப் பாதையை இன்னிக்கே மூடச் சொல்றேன்."

"இல்லன்னு சொன்னா?"

"அப்ப டாக்டர்தான் பாக்கணும்."

நிபால்தோ வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தான். பயமாக இல்லை. பயல் உண்மையைத்தானே சொல்ல வேண்டும், அது ஒன்றும் கஷ்டமில்லையே. கார்க்காமோ வந்தான், அவனுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான், உள்ளே போனான். பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தபோது முகமெல்லாம் பல்.

"கேப்டன், அந்தம்மா பெரிய கில்லாடி! என்னெல்லாம் சொல்றாங்க தெரியுமா? நீங்களே ஒத்துக்கிட்டீங்களாம். எண்ணை மாத்தச் சொன்னீங்களாம். என் அலமாரியைத் திறந்து திருடினீங்களாம்! எங்க கேப்டன் அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். பதினொண்ணுதான், தாளும் கிடையாது, ஒண்ணும் கிடையாதுன்னுட்டேன்."

கார்க்காமோ குரலைத் தாழ்த்தினான்.

"தாள் ஒண்ணு இருந்தது, கேப்டன். உங்களுக்கு வம்பாயிடப் போகுதுன்னு நேத்து ராத்திரி எரிச்சிடலாம்னு தேடினேன், காணோம். சலவைக்குப் போயிருச்சு போல. நல்லதாப் போச்சு."

"எஃப்ராயின், அதையெல்லாம் அவங்ககிட்ட சொன்னது நான்தான்டா."

கார்க்காமோ வாய்விட்டுச் சிரித்தான். "நீங்களும் சோதிச்சுப் பாக்குறீங்களா? நான் விழ மாட்டேன், கேப்டன்."

கதவுக்கு உள்ளே ஹிமேனா கர்னலோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். டாக்டர் என்ற வார்த்தை இரண்டு தடவை கேட்டது. நிபால்தோ எழுந்து பயலின் தோளை இறுக்கிப் பிடித்தான்.

"நான் சொல்றதை நல்லா கேளு. நாளைக்கு உன் மூக்குக்கு நேரா எதையாவது பாத்தா யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காதே. உடனே திருப்பிடு. புரியுதா?"

"நான் எதுக்கு கேப்டன் திருப்பணும்?" என்றான் கார்க்காமோ. "அதான் பக்கத்துல நீங்க இருப்பீங்கல்ல?"