ஒரு மண்டலம் பத்தியம்

காசிமேட்டு ஏலத்தில் முப்பது வருஷம் கூச்சல் போட்டு, சண்டை போட்டு மீன் எடுத்தவள் நான். என் மகன் அர்ஜுன் எனக்குப் பாலில் பொடி கலக்கி நீட்டுகிறான்.

"அமுக்கராப் பொடிம்மா. உனக்கு மனச்சோர்வாம், லேசாத்தான் கீதாம். ஒரு மண்டலம் குடிச்சா சரியாப்பூடும்னாரு வைத்தியரு. மீனு, கருவாடு மட்டும் துன்னக் கூடாது."

வைத்தியர் என்னைப் பார்க்கவே இல்லை. திருவொற்றியூருக்கு இவனே போய், அம்மா தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை என்று சொல்லி வாங்கி வந்திருக்கிறான்.

"எப்பலேர்ந்து தூங்கலன்னு சொன்னியா?"

"ஆறு மாசமான்னு சொன்னேன்."

"ஆறு மாசத்துக்கு மின்னாடி இன்னா நடந்துச்சுன்னு சொன்னியாடா?"

அவன் டம்ளரை இன்னும் கிட்டே நீட்டினான். அன்றைக்குத்தான் இவனுக்கு நிச்சயம் பேசப் பெண் வீட்டார் வந்தார்கள். அம்மா மீன் விற்பது தெரிந்தால் கேவலம் என்று என் கூடையையும் அரிவாள்மணையையும் பரணில் ஏற்றினான். இறக்கவே இல்லை.

டம்ளரைப் பிடுங்கி ஒரே மடக்கில் குடித்தேன். கசந்தது.

"நான் குடிச்சிட்டேன். மீனத் துன்னத்தானே கூடாது, விக்கலாமில்ல? கூடைய எறக்கு. காலைல ஏலத்துக்குப் போறேன்."

"பொண்ணு வூட்ல இன்னான்னும்மா சொல்றது?"

"அதான்டா உனக்கு மருந்து. 'எங்கம்மா மீனு விக்கிறா'ன்னு அவங்களாண்ட தெனம் மூணு வேளை சொல்லு. ஒரு மண்டலம்!"