பொட்டு வைத்த திரை

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மூக்குதான் சிவக்கும். அன்றைக்குத் திருப்பதியில் டேப்லெட் வாங்கப் போன கடையில் என் மூக்கைப் பார்த்ததுமே என் வீட்டுக்காரர் சுனில் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

நகரியில் பவர்லூம் சேலைகளுக்கு பார்டர் டிசைன் போடுகிறவள் நான். திரையில் ஒரு புள்ளி என்றால் சேலையில் ஓர் இழை. என் பழைய டேப்லெட்டில் மூன்று புள்ளிகள் செத்துக் கறுப்பாய் நின்றன. பழகிப்போய் அவற்றைக் கண்டுகொள்வதையே விட்டுவிட்டேன். போன மாதம் டிசைனிலேயே தவறி விழுந்த ஒரு புள்ளியையும் திரைக் கோளாறு என்று நினைத்து விட்டுத் தொலைத்தேன். பன்னிரண்டு சேலைகளின் பார்டரிலும் கறுப்புப் புள்ளி ஓடியது. தறி முதலாளி நாகபூஷணம் திட்டக்கூட இல்லை.

"திங்கக்கெழம கொண்டார்ற டிசைன்ல ஒரு புள்ளி தப்பினாலும் வேற ஆளப் பாத்துக்கிறேம்மா," என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது. இனிமேல் புள்ளி பார்க்காமல் எந்தத் திரையையும் வாங்குவதில்லை என்று முடிவு கட்டினேன். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று வெறும் நிறம் மட்டும் உள்ள ஐந்து படங்களைப் போனில் சேர்த்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் முரளிதரன் புது டேப்லெட்டை உள்ளே கொண்டுபோய்ப் பிரித்து, பூஜை போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். கண்ணாடியின் வலது மூலையில் பெரிய குங்குமப் பொட்டு. ஐந்து படங்களையும் ஏற்றி, வெளிச்சத்தை முழுசாக வைத்து, ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தேன். எல்லாம் சுத்தம், பொட்டு இருந்த இடத்தைத் தவிர.

மேஜையில் வேறு ஆட்களுக்குப் போகவேண்டிய நாலு பெட்டிகள் இருந்தன. அவற்றில் பொட்டு பெட்டியின் மேல்தான் இருந்தது. எனக்கு மட்டும் ஏன் கண்ணாடியில்?

"இத்த தொடைக்கலாமாண்ணா?"

"ஐயய்யோ, சாமி பொட்டும்மா! ஒரு வாரம் கை வைக்கக் கூடாது. அப்பதான் மஞ்சிதி, நல்லது."

"ஒரு வாரம் கழிச்சிப் புள்ளி தெரிஞ்சா மாத்தித் தருவீங்களா?"

"கடையத் தாண்டினா மாத்தறதில்லம்மா."

சுனில் என் காதோரம் குனிந்தார். "உட்டுடு தரணி. சாமி விசயம். பஸ்ஸு வேற பூடும்."

"போனா அடுத்த பஸ்ஸு. நீ போய் ஒரு டீ குடிச்சிக்கினு வாய்யா."

அவர் நகரவில்லை. நானும்தான். எனக்கும் சாமி பயம் உண்டு. ஆனால் சாமி குங்குமம் சுமங்கலி நெற்றிக்கு ஏறினால் எந்தச் சாமி கோபித்துக்கொள்ளப் போகிறது? கண்ணை மூடிக் கும்பிட்டேன். மோதிர விரலால் பொட்டை வழித்து நெற்றியில் வைத்தேன். மிச்சத்தைத் தாலியில் ஒற்றிக்கொண்டு, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தேன்.

வெள்ளைப் படத்தை வைத்தேன். ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்பு. சிவப்புக்கு மாற்றினாலும் அதே இடம், பச்சையிலும் அதே இடம்.

"ஒண்ணே ஒண்ணுதானேம்மா," என்றார் முரளிதரன். "யார் கண்ணுக்கும் தெரியாது."

"உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிதானேண்ணா பொட்டு வச்சீங்க?"

சுனில் இருமினார்.

வேறு பெட்டி வந்தது. இந்தத் தடவை என் கண்ணெதிரிலேயே பிரிக்கச் சொன்னேன். ஐந்து நிறங்களையும் இரண்டு தடவை பார்த்தேன். சுனிலையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னேன். ஒரு புள்ளி இல்லை. திங்கட்கிழமை டிசைனில் புள்ளி இருந்தால் அது என் தப்பு, வேறு எதன்மீதும் பழி போட முடியாது. அதைத்தானே தேடி வந்தேன்.

பழக்க தோஷம், முரளிதரனின் கை தானாகக் குங்குமச் சிமிழுக்குப் போனது. நான் திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"பொட்டி மேல வைங்கண்ணா."