ஒரே மத்தியானத்தில் பத்து சனிக்கிழமை

"மஞ்சளைக் கழட்டிட்டு நீலத்தைப் போட்டுக்கோ. சீக்கிரம், வெளிச்சம் போகுது" என்றார் அம்மா.

மகள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அது அவர்கள் வீட்டுக் குளியலறை இல்லை. மாடியில் ஒற்றை அறையில் தனியாகக் குடியிருக்கும் ஒருவருடையது. அவர் கட்டில் ஓரத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேட்டரிக்காரர் என்றுதான் தெருவில் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். வண்டி பேட்டரிகளைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தவர். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு பேட்டரி வெடித்து, அமிலம் முகத்தில் அடித்ததில் இரண்டு கண்ணிலும் பார்வை போயிற்று. பின்னாலேயே பட்டறையும் போயிற்று. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

மகள் படிக்கும் பள்ளியில் ஒரு விதி. பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கிறவர்கள் நாற்பது மணி நேரம் சமூக சேவை செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் இறுதிச் சான்றிதழ் கிடையாது. இவளுக்கு ஒதுக்கப்பட்டது பார்வையற்ற ஒருவருக்கு வாசித்துக் காட்டும் வேலை. பத்து சனிக்கிழமை, ஒவ்வொன்றுக்கும் நாலு மணி நேரம். சாட்சியாக வாரம் ஒரு போட்டோவும் சம்பந்தப்பட்டவரின் கையெழுத்தும் வேண்டும்.

சனிக்கிழமைகளில் மகளுக்கு நுழைவுத் தேர்வுக் கோச்சிங் இருந்தது. அம்மா கெட்டவர் இல்லை. பக்கத்து வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பவர்தான். ஆனால் மகள் படிப்பு என்று வந்துவிட்டால் அவருக்குக் கண்மண் தெரியாது. யோசித்து யோசித்து, ஜனவரி முதல் சனிக்கிழமை ஒரே மத்தியானத்தில் பத்து சனிக்கிழமையையும் முடித்துவிடுவது என்று தீர்மானித்து, பத்து உடைகளோடு மகளை அழைத்து வந்திருந்தார். தேதி தெரிந்துவிடும் என்று சுவரிலிருந்த காலண்டரைக் கூடக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியாயிற்று. பார்க்க முடியாதவர்தானே, என்ன தெரியப் போகிறது என்று நினைத்தார்.

கண் போனவர்களுக்குக் காதும் சேர்ந்து போயிருக்கும் என்று சிலருக்கு ஒரு நம்பிக்கை. பை ஜிப் இழுபடும் சத்தம், குளியலறைத் தாழ்ப்பாள், "இது நாலாவது வாரம்" என்ற முணுமுணுப்பு எல்லாவற்றையும் பேட்டரிக்காரர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இரண்டாவது உடையிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"சார், உங்ககிட்ட வேற சட்டை இருக்கா?" என்று கேட்டார் அம்மா.

"இருக்கும்மா. எதுக்கு?"

"எல்லா போட்டோலயும் ஒரே மாதிரி இருந்தா நல்லா இருக்காது, அதான்."

"எனக்கு ஒம்பது வருஷமா எல்லாம் ஒரே மாதிரிதாம்மா இருக்கு" என்று சிரித்துவிட்டு, எழுந்து போய் அலமாரியில் தடவிச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். மொத்தம் நாலு சட்டை இருந்தது. அந்த நாலும் அன்று மாறி மாறி வேலை பார்த்தன.

அவர் ஒத்துழைத்ததற்குக் காரணம் இருந்தது. கீழ் வீட்டில் குடியிருந்த டெய்லர்தான் அவருக்கு வருகிற தபால்களையெல்லாம் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போன மாதம் வீட்டைக் காலி செய்துவிட்டார். அதனால்தான் பேட்டரிக்காரர் தாமாகவே பள்ளிக்கு போன் செய்து, வாசித்துக் காட்ட யாராவது வேண்டும் என்று பெயர் கொடுத்தார். போட்டோ முடிந்த பிறகாவது படிப்பார்கள் அல்லவா?

"பாப்பா, ஜன்னல் பக்கம் பிளாஸ்டிக் தட்டு இருக்கு பாரு. அதுல பதினோரு தபால் கெடக்கு. முடிச்சிட்டுக் கொஞ்சம் படிச்சுக் காட்டறியா?"

மகள் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொன்னார். "படிப்பா சார். அடுத்த வாரம் வந்து உக்காந்து எல்லாத்தையும் படிச்சிடுவா." சொல்லும்போதே அவருக்கு ஒரு யோசனை வந்தது. "ஏய், அதுல ஒண்ணை எடு. எல்லா போட்டோலயும் புத்தகமே இருக்கு. லெட்டர் படிக்கற மாதிரி ஒண்ணு எடுத்துக்கலாம்."

மகள் மேலே இருந்த கவரை எடுத்தாள். முகவரி தெரிவதற்காகப் பளபளப்புத் தாள் ஒட்டிய கவர்.

"கவரோட பிடிச்சா எப்படி? கிழிச்சுப் பிரிச்சு வெச்சுக்கோ. வாயை அசை."

அம்மா மகளுக்குப் பின்னால் போய் நின்றார். மகள் தோளுக்கு மேலாகக் கடிதமும் எதிரே பேட்டரிக்காரர் முகமும் சேர்ந்து விழுகிற மாதிரி எடுத்தார். பத்துப் படங்களில் அதுதான் பிரமாதமாக வந்தது. மகள் வாயை அசைத்தாள். கடிதத்தைப் படிக்கவில்லை, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு தாளை மடித்துக் கவருக்குள் செருகித் தட்டில் போட்டாள்.

அதில் என்ன இருந்தது என்பதை ஒளித்து வைத்துக் கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை. அது கண் மருத்துவமனையிலிருந்து வந்தது. பேட்டரிக்காரரின் இடது கண் இனி உதவாது, வலது கண்ணில் கருவிழி மாற்றினால் பார்வை வர வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி, ஆறு வருடத்துக்கு முன் அவர் பெயரைப் பதிந்திருந்தார்கள். இப்போது அவர் முறை வந்துவிட்டது. மார்ச் ஐந்தாம் தேதிக்குள் நேரில் வந்து பரிசோதனைகளை முடிக்க வேண்டும், வராவிட்டால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போகும் என்று எழுதியிருந்தது. பழைய போன் நம்பர் மாறிவிட்டதால் அவர்கள் கூப்பிட்டும் கிடைக்கவில்லை. தேதியைத் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

அம்மா அவர் விரலைப் பிடித்துக் காட்டக் காட்டப் பத்து இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஒரு பிஸ்கட் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு இருவரும் படியிறங்கினார்கள். பேட்டரிக்காரர் தட்டை மடியில் வைத்துத் தபால்களைத் தடவி எண்ணினார். பதினொன்றும் இருந்தன. கிழிந்திருந்த கவரை எடுத்து அடியில் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை அறையைப் பெருக்கி, ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. அம்மாவுக்கு போன் செய்தார். "மாடல் எக்ஸாம் சார், அடுத்த வாரம் கண்டிப்பா வருவா" என்று பதில் வந்தது. அதற்கடுத்த வாரம் போனை எடுக்கவில்லை. நாலாவது வாரம் பள்ளிக்கே பேசினார். சேவைத் திட்டத்துக்குப் பொறுப்பான ஆசிரியை எடுத்தார்.

"எனக்கு வேற பிள்ளை யாரையாவது அனுப்ப முடியுமா மேடம்?"

"உங்களுக்குத்தான் ஏற்கனவே ஒரு பொண்ணு வந்துட்டிருக்காளே சார். வாராவாரம் போட்டோ வருது. ஏன், சரியா படிக்கலையா?"

இந்த இடத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். படிக்கிற பிள்ளை, நம்மால் அதன் சான்றிதழ் கெட வேண்டாம் என்று நினைத்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம், சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டார். அந்தப் பெருந்தன்மைக்கு அவர் கொடுத்த விலை அவருக்கு அப்போது தெரியாது.

பிப்ரவரி பதிமூன்றாம் தேதி, வந்திருந்த போட்டோக்களிலேயே சிறந்ததைத் தேர்ந்தெடுத்து, கதவு உயரத்துக்குப் பெரிதாக்கிப் பள்ளி அலுவலகத்துக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார்கள். தோளுக்கு மேலாக எடுத்த அதே படம்தான். கீழே 'இவள் கண்கள் இவருக்காக' என்று எழுதி வேறு வைத்தார்கள். ஆசிரியர்கள் பாராட்டினார்கள். அம்மா அதைப் படம் பிடித்து உறவினர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். மகள் தினமும் இரண்டு தடவை அதைக் கடந்து போனாள்.

மார்ச் கடைசியில் ஆசிரியை மகளைக் கூப்பிட்டு ஒரு பாரத்தை நீட்டினார். "எல்லாம் முடிஞ்சுது. அவர் ரெண்டு வரி கருத்து சொல்லணும், அது ஒண்ணுதான் பாக்கி. எழுதி வாங்கிட்டு வந்துடு." அம்மாவுக்கு அன்று வேலை. மகள் தனியாகப் போனாள்.

கதவைத் திறந்தவருக்குச் செருப்புச் சத்தத்திலேயே ஆள் தெரிந்துவிட்டது. "வா பாப்பா. பரீட்சையெல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அங்கிள். ஒரு ஃபார்ம்ல நீங்க எதாவது சொல்லணும், நான் எழுதிக்கறேன்."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்தத் தட்டை எடு."

தட்டில் இப்போது இருபத்து மூன்று தபால்கள் சேர்ந்திருந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தாள். தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கும் அறிவிப்பு, யாரோ புதிதாகத் திறந்த கடை, டெய்லர் தன் புது முகவரியை எழுதி அனுப்பியிருந்த அட்டை. அடியில் இருந்த கிழிந்த கவருக்கு வந்தாள். தாளை விரித்து, மனதுக்குள்ளேயே முதல் வரிகளைப் படித்தாள். தேதியைப் பார்த்தாள். சத்தமில்லாமல் மடித்து, படித்து முடித்தவற்றோடு வைத்தாள்.

"அவ்வளவுதான் அங்கிள்."

"இருபத்தி ரெண்டுதான் படிச்சே" என்றார் அவர். "பளபளன்னு தாள் ஒட்டின கவர் ஒண்ணு இருக்குமே. கிழிஞ்சது."

வேறு வழியில்லை. படித்தாள். ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். முடித்ததும் பேட்டரிக்காரர் கேட்டார்.

"இன்னைக்கு என்ன தேதி?"

"இருபத்தி ஏழு."

"அதுல போன் நம்பர் இருந்தா போடு."

ஸ்பீக்கரில் மருத்துவமனைக்காரப் பெண்ணின் குரல் பொறுமையாகத்தான் வந்தது. "அஞ்சாம் தேதி வரைக்கும் பார்த்தோம் சார். நீங்க வரலைன்னதும் அடுத்தவங்களைக் கூப்பிட்டுட்டோம். மறுபடியும் புதுசா பதியணும், வரிசையில கடைசியாத்தான் வரும். மூணு வருஷமும் ஆகலாம், அஞ்சு வருஷமும் ஆகலாம். ஏன் சார், லெட்டர் உங்களுக்கு வந்து சேரலையா?"

"வந்துச்சும்மா" என்றார் பேட்டரிக்காரர். "படிக்கத்தான் ஆளில்லை."

மகள் எதிரில் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் பத்து உடையில் உட்கார்ந்த நாற்காலி.

"வேற யாருகிட்டயாவது காட்டியிருக்கலாமே அங்கிள்" என்று அழுதுகொண்டே கேட்டாள்.

"காட்டியிருப்பேன். கவர் கிழிஞ்சிருந்துச்சு. கிழிச்சவங்க படிச்சிருப்பாங்க, முக்கியமா இருந்தா சொல்லாமலா போயிருப்பாங்கன்னு நெனச்சேன். கிழிக்காம விட்டிருந்தீங்கன்னா, அந்தப் பளபள தாளைத் தடவினதுமே ஏதோ ஆபீஸ் லெட்டர்னு தெருவுல போறவங்களை நிறுத்தியாவது கேட்டிருப்பேன்."

அழாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, அதில் தப்பும் இல்லை. பாரத்தை எடுக்கச் சொன்னார். "எழுதிக்கோ. இந்தப் பொண்ணு என் வீட்டுக்கு ரெண்டு தடவை வந்துச்சு. ரெண்டாவது தடவை இருபத்தி மூணு தபால் படிச்சுக் காட்டுச்சு. நல்லாப் படிக்குது." கையெழுத்துப் போட்டுவிட்டு, "என் பேரை உங்க ஸ்கூல் லிஸ்ட்ல இருந்து எடுத்துடச் சொல்லு" என்றார்.

மறுநாள் பாரத்தைப் படித்த ஆசிரியைக்கு வியர்த்துவிட்டது. அம்மாவை உடனே வரவழைத்தார். "இதை எப்படி ஃபைல்ல வைக்கறது? பத்து வாரத்துக்கும் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அவருக்கு என்னமோ கோபம் மேடம்" என்றார் அம்மா. "வேற ஃபார்ம் கொடுங்க, நாமளே ரெண்டு வரி எழுதிக்கலாம்."

"திருப்தின்னு போட்டுடலாம்" என்றார் ஆசிரியை.

அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்து வெளியே போனாள். இருவரும் பின்னாலேயே வந்தார்கள். எதிர்ச் சுவரிலிருந்த படத்தின் முன்னால் நின்று, அதில் தன் கையிலிருந்த கடிதத்தை முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தாள். படம் அத்தனை பெரிது. மருத்துவமனையின் பெயரும், பேட்டரிக்காரர் முறை வந்துவிட்ட செய்தியும், மார்ச் ஐந்தாம் தேதியும் தெளிவாகத் தெரிந்தன. ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தானும் ஒரு தடவை படித்துப் பார்த்தார்.

"இதை இங்க மாட்டினப்போ இன்னும் இருபது நாள் இருந்துச்சு மேடம். ஸ்கூலே இதைப் பார்த்துச்சு. டிரெஸ் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒருத்தர் கூடப் படிக்கலை. நானும்தான்."

ஆசிரியை கையிலிருந்த பாரத்தை வாங்கி, 'நாற்பது மணி நேரம்' என்பதில் மணி நேரத்தை அடித்துவிட்டு நிமிடம் என்று எழுதினாள். இருபத்து மூன்று தபாலையும் படிக்க அவளுக்கு ஆனது அவ்வளவுதான்.

"பைத்தியமாடி உனக்கு? சர்டிபிகேட் வராது" என்றார் அம்மா.

"வராட்டி போகட்டும். அவர் நம்மகிட்ட நாப்பது மணி நேரம் கேக்கலைம்மா. ஒரு லெட்டரைப் படிக்கச் சொன்னாரு, ரெண்டு நிமிஷ வேலை. சேவைன்னா நாம எத்தனை மணி நேரம் காட்டினோம்ங்கறது இல்ல, அவங்க கேட்டதைச் செஞ்சோமாங்கறதுதான். நாம அவர் கண்ணை வெச்சு சர்டிபிகேட் வாங்கப் பார்த்தோம்."

சான்றிதழ் நிறுத்தி வைக்கப்பட்டது. படத்தை அன்றே கழற்றிவிட்டார்கள். இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்று பள்ளி நிர்வாகம் கூட்டம் போட்டு, அடுத்த வருடத்துக்குப் புது விதி கொண்டு வந்தது. வாரம் ஒரு போட்டோவுக்குப் பதிலாக இனி மூன்று போட்டோ தர வேண்டுமாம். சேவை பெற்றவர் என்ன கேட்டார், அது அவருக்குக் கிடைத்ததா என்று எழுத அந்தப் பாரத்தில் இன்றைக்கும் இடமில்லை.