திரும்பி வராத மெயில்

கோச்சடையில் பிச்சுமணி வாத்தியார் திதி பண்ணி வைக்கிற குடும்பங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. வெளியூர் போன பிள்ளைகளுக்கு அப்பா போன தேதி நினைவிருக்கும், திதி நினைவிருக்காது. அதனால் வாத்தியாரின் மகன் ஜெயராம் கம்ப்யூட்டரில் ஒரு மெயில் லிஸ்ட் போட்டு வைத்தான். திதிக்குப் பத்து நாள் முன்னால் அவரவருக்கு மெயில் தானாகப் போய்விடும். ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ் கிளார்க்குக்கு இவ்வளவு சாமர்த்தியமா என்று தெருவே மெச்சியது. மெச்சாமல் இருந்திருக்கலாம்.

அட்ரஸ் செத்துப்போயிருந்தால் மெயில் திரும்பி வரும். மூன்று தடவை திரும்பினால் அந்தப் பேரை லிஸ்டே நீக்கிவிடும். வாத்தியாரோ மாதாமாதம் லிஸ்டைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே படிப்பார். ஒரு பேர் குறைந்தாலும் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது.

"ஒருத்தன் பேரை எடுத்தா, அவன் அப்பனுக்கும் சேர்த்து சோத்தை நிறுத்தறேடா!"

அந்த மனுஷரோடு யார் மல்லுக்கட்டுவது? ஜெயராம் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தான். எந்த மெயில் திரும்புகிறதோ, அந்தப் பேருக்கு எதிரே தன் அட்ரஸையே போட்டுவிடுவான். மெயில் அவனுக்கே வரும். லிஸ்டில் பேர் நிற்கும். அப்பா டிக் போட்டுவிட்டு நிம்மதியாக மோர் சாதம் சாப்பிடுவார்.

அடுத்த தெரு தர்மாம்பாள் மாமியின் ஒரே பிள்ளை அஸ்வத் புனேயில் வேலை பார்த்தான். ஐந்து வருஷம் முன்னால் அப்பா போனபோது அவனால் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. கொள்ளி வைத்தது சித்தப்பா. மூன்றாம் நாள் வந்து நின்றவனைப் பார்த்து மாமி, "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டாள். துக்கத்தில் சொன்னதுதான். அப்பா காரியம் முடிந்து ஊருக்குப் போனவன் பிறகு போன்கூடப் பண்ணவில்லை. ரோஷத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு. ஆனால் அதே மாமிதான் மறுவாரம் ஒரு துண்டுச் சீட்டில் அவன் பேரையும் ஆபீஸ் மெயிலையும் எழுதிக்கொண்டுவந்து, "லிஸ்ட்ல சேர்த்துக்கோடா ஜெயா" என்றாள்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் ஆவணி தேய்பிறை பஞ்சமிக்குப் பத்து நாள் முன்னால் வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நிற்பாள்.

"மெயில் போச்சா?"

"போச்சு மாமி."

"திரும்பி வரல்லையே?"

"இல்லை மாமி."

"அப்ப சௌக்கியமா இருக்கான். திரும்பி வந்தா மட்டும் எங்கிட்ட சொல்லிடு. ரோஷத்தையெல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டு நானே ரயிலேறிப் போயிடறேன்."

மூன்றாம் வருஷம் மெயில் திரும்பி வந்தது. மாமி கண் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தடவித் தடவி வந்திருந்தாள். வேலை மாறியிருப்பான், இந்தக் கண்ணோடு இவளை எதற்குப் பதற வைப்பானேன் என்று ஜெயராம் நினைத்தான். "திரும்பல்லை மாமி" என்றான். அன்று சாயங்காலமே அஸ்வத் பேருக்கு எதிரே தன் அட்ரஸைப் போட்டான். அடுத்த வருஷம் அவன் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மெயில் நிஜமாகவே திரும்பவில்லை.

ஐந்தாம் வருஷம் ஆடியில், ஆபீஸ் இடைவேளையில் ஒரு போன் வந்தது.

"அண்ணே, எம் பேரு சிவக்குமாரு. பேரையூர்க்காரன். புனேல அஸ்வத் கூட ஒரே ரூம்ல இருந்தேன். அவன் பைய இப்பத்தான் பிரிச்சேன், பழைய திதி மெயில் பிரிண்டு ஒண்ணு கெடந்துச்சு, அதுல இந்த நம்பர் இருந்துச்சு." குரல் இறங்கியது. "பங்குனில தவறிட்டான்ணே. கிட்னி. வேலை போயி ரெண்டு வருசமா அம்புட்டுக் கஷ்டம். வீட்டுக்குச் சொல்றேன்னாலும் விடமாட்டான், அவனும் போன் பண்ணமாட்டான். 'எங்கம்மா என்னைய லிஸ்ட்ல இருந்தே எடுத்துட்டாங்க, எழுதிக் கேட்டும் பதில் இல்ல'ன்னுவான்."

எழுதினானா? எங்கே எழுதினான்?

ஜெயராம் வீட்டுக்கு ஓடிவந்து கம்ப்யூட்டரைத் திறந்தான். லிஸ்டில் இல்லாத அட்ரஸிலிருந்து எது வந்தாலும் தனியாக ஓரிடத்தில் நிறுத்தி வைக்கப்படும். லோன் விளம்பரமும் லாட்டரி மோசடியுமாக ஆயிரத்து நானூறு கிடந்தன. ஒருநாளும் அவன் அதை எட்டிப் பார்த்ததில்லை. குப்பை என்று விட்டிருந்தான். பாவி! அந்தக் குப்பைக்குள் மூன்று இருந்தன.

"ஆபீஸ் மெயில் போயிடுத்து. இனிமே இந்த அட்ரஸுக்கு அனுப்புங்கோ. அம்மா சௌக்கியமா?"

அடுத்தது, மறுவருஷம். "ஆஸ்பத்திரியில் இருக்கேன். திதி என்னிக்குன்னு மட்டும் ஒரு வரி போடுங்கோ."

கடைசி, மாசியில். "அம்மா என் பேரை எடுக்கச் சொல்லிட்டாளா? அப்படின்னா பரவாயில்லை. தெரிஞ்சா போதும்."

மூன்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அவன் மாமி வீட்டுக்குப் போனான். சிவக்குமார் சொன்னதைச் சொன்னான். பிறகு ஒவ்வொன்றாகப் படித்தான். மூன்றாவதை மட்டும் படிக்காமல் நீட்டினான். மாமியே வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தாள்.

"நானா எடுக்கச் சொன்னேன்?" என்றாள். "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு அவனைத்தானே திட்டிண்டிருந்தேன். அவன் என் மனசுதான் கல்லுன்னு நினைச்சுண்டே போயிட்டானேடா!"

அவள் அழுது ஓய்ந்தாள். மெயில் திரும்பியதையும் தான் அட்ரஸை மாற்றியதையும் ஜெயராம் ஒன்றும் மறைக்காமல் சொன்னான். ஏதாவது திட்டுவாள், அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு போன வருஷப் பஞ்சாங்கத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"அவன் போன திதி என்னன்னு பாரு."

சிவக்குமார் சொன்ன தேதியை வைத்துப் பார்த்தான். "பங்குனி வளர்பிறை சப்தமி, மாமி."

"லிஸ்ட்ல போடு."

அஸ்வத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிள்ளை குட்டி இல்லை. "யார் அட்ரஸுக்கு மாமி அனுப்பறது?" என்று கேட்டுவிட்டான்.

"அவன் மெயிலை இத்தனை நாளும் நீதானே வாங்கிண்டிருந்தே. இதையும் நீயே வாங்கிக்கோ."

அடுத்த பங்குனியில், பத்து நாள் முன்னால், மெயில் ஜெயராமுக்கு வந்தது. போச்சா, திரும்பியதா என்று கேட்க மாமி வாசலுக்கு வரவில்லை. அது யாருக்குப் போகிறது என்று அவளுக்கே தெரியும்.