ஏலத்தில் இரண்டாவதாக நின்றவள்

பிறின்சி போடும் வீடியோக்களில் என் அம்மா சிரிப்பார். வீட்டில் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. வெயிலில் கட்டாமீன் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே, "என்னடி, எந்த நேரமும் இந்தப் போனைத் தூக்கிக்கொண்டு" என்று பொய்க்கோபம் காட்டிச் சிரிக்கிற சிரிப்பை லண்டனிலும் டென்மார்க்கிலும் இருக்கிறவர்கள் பார்த்து இதயம் போடுகிறார்கள். "அம்மா வாழ்க" என்று எழுதுகிறார்கள். யாருடைய அம்மா?

பிறின்சி என் சித்தியின் மகள். என்னைவிட ஒரு வயது இளையவள். உயர்தரப் பரீட்சையில் இரண்டு தரம் தவறினவள். அவளுக்குக் கணக்கியல் சொல்லிக்கொடுத்தவள் நான். சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்கக் கொட்டாவி விட்டவள் அவள். இன்று ஓலைத்தொடுவாய்க் கரையில் அவளுக்குச் சொந்தமாக, மீன் காயவைத்து விற்கிற ஒரு கருவாட்டு வாடி இருக்கிறது. என் அம்மா அங்கே கூலிக்குப் போகிறார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் முதல் பட்டதாரி நான். தகவல் தொழில்நுட்பப் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அரசாங்க நியமனம் வரும் வரும் என்று வீட்டில் இருக்கிறேன். பொறாமையா என்று கேட்டால், ஓம், பொறாமைதான். அதற்கு நல்லதாக வேறொரு பெயர் தேட எனக்குப் பொறுமை இல்லை.

ஆனால் அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. 'மன்னார்க் கருவாடு' என்ற டொமெயின். இணையத்தில் ஒரு கடைக்கு வைக்கிற விலாசப் பெயர், பின்னால் டொட் கொம் வாலோடு. பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற காலத்தில், இதை ஒருவரும் எடுக்கவில்லை என்று கண்டு என் பெயரில் பதிந்துவைத்தேன். வருடாவருடம் கட்டணம் கட்டிப் புதுப்பித்தேன். அப்பா ஒருமுறை கேட்டார்.

"அதுக்குள்ள என்ன பிள்ளை இருக்குது?"

"ஒண்டும் இல்லையப்பா. பேர் மட்டும்தான்."

"ஒண்டும் இல்லாததுக்கு வருசா வருசம் வரியோ? எங்கட கடலுக்குக் கூட இன்னும் அப்பிடி வரேல்லை."

இந்த வருடம் அதை இணைய ஏலத்தில் போட்டேன். டொமெயின்களை ஏலம் விடவென்றே தளங்கள் இருக்கின்றன. விலை கேட்கிறவர்களின் பெயர் தெரியாது, இலக்கம்தான் தெரியும். இரண்டு பேர் மாறி மாறி ஏற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஏலம் ஒருவருக்கு விழுந்தது. அதன்பிறகுதான் ஆள் யார் என்று தளம் காட்டியது. ரொறன்ரோவில் இருக்கும் நிறோஜன். பூர்வீகம் பேசாலைப் பக்கம் என்று அவரே குரல்செய்தி அனுப்பினார். "ஊர்ப்பேரை ஊர்க்காரனே எடுத்திட்டன் தங்கச்சி, சந்தோசம்" என்றார். எனக்கும் சந்தோசம்தான்.

வாடியிலிருந்து அம்மா வந்து கால் கழுவிக்கொண்டு நின்றபோது, "அம்மா, பேர் வித்திட்டன்" என்றேன்.

அங்கேதான் பிழைவிட்டேன். பட்டம் படித்தாலும் நான் கரைப்பிள்ளை. எங்கள் கரையில் ஏலம் விழுந்தால் மீன் விற்றாயிற்று. கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் கூடை அவருடையதுதான். வேண்டாம் என்றால் அடுத்த நாள் எந்த வள்ளத்தடியிலும் அவரை நிற்க விடமாட்டார்கள். இணைய வியாபாரத்தில் காசு கைக்கு வரும்வரை விற்பனை இல்லை என்று வளாகத்தில் படித்தது மூளையில் இருந்தது. கரையில் கண்டது இரத்தத்தில் இருந்தது. வாயைத் திறந்தபோது இரத்தம்தான் பேசியது.

அம்மா உடுப்புக்கூட மாற்றவில்லை. வரப்போகிற காசை நம்பி நேரே கோயிலடிக்குப் போய், கோயில் காரியம் பார்க்கிற மூப்பர் டொமினிக்கிடம், திருநாளுக்கு முந்திய ஒன்பது நவநாளில் ஏழாம் நாளை எங்கள் குடும்பத்துக்குப் பதிந்துவிட்டு வந்தார். அன்றைக்குப் பீடத்தின் பூ, மெழுகுதிரி, பூசை முடிய சனத்துக்குக் குடிக்கக் கடிக்க எல்லாம் எடுக்கிறவர் பொறுப்பு. பூசையில் பங்குச்சுவாமி குடும்பத்தின் பெயரை வாசிப்பார். இத்தனை வருடத்தில் அப்பாவின் பெயரைச் சொல்லி, அமிர்தநாயகம் குடும்பம் என்று அங்கே ஒருமுறையும் வாசிக்கப்பட்டதில்லை. நாங்கள் மற்றவர்களின் நாளில் சம்பல் பாண் வாங்கித் தின்றவர்கள்.

"ஏழாம் நாளைத் தங்கச்சியும் கேட்டவளாம். பிறின்சியின்ட தொழிலுக்காக எண்டு. நான் முந்திட்டன்," என்றார் அம்மா. அந்த 'முந்திட்டன்' எனக்குத் தேன் மாதிரி இருந்தது.

பிறகு நிறோஜனிடமிருந்து குரல் வந்தது.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. மனுசி வேண்டாம் எண்டுறா. வீட்டுக்குக் கூரை மாத்த வேணுமாம். பேருக்குக் குடுக்கிற காசைக் கூரைக்குக் குடுங்கோ எண்டு நிக்கிறா."

நான் எழுதவில்லை, பேசியே அனுப்பினேன். "அண்ணை, ஏலம் கேக்கேக்க உங்கட வீட்டில கூரை இருக்கேல்லையோ? கரையில இப்பிடிச் செய்தா நாளைக்கு ஒருத்தரும் உங்களுக்கு ஒரு சூடைமீன் தரமாட்டினம்."

பதில் உடனே வந்தது. சிரித்துக்கொண்டு சொன்னார். "இது கரை இல்லைத்தானே, தங்கச்சி."

தளத்துக்கு முறைப்பாடு எழுதினேன். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு இயந்திரம் வருந்தியது. அவருடைய கணக்கில் சிவப்புக் குறி போட்டார்கள். மனைவியின் பெயரில் இன்னொரு கணக்குத் திறந்தால் குறியும் இல்லை, கறையும் இல்லை. என்னிடம் மிஞ்சியது ஒரே ஒரு பொத்தான். 'இரண்டாவதாக நின்றவருக்குக் கொடுக்கவும்.'

அதை அமத்த எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது விலை குறைவு என்பதற்காக இல்லை. முதலாவது ஆள் விட்டுவிட்டுப் போன மீனை இரண்டாவது ஆளிடம் கொண்டுபோகும்போது அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று சின்ன வயதிலேயே பார்த்தவள் நான். ஆனால் மூப்பர் எங்கள் படலையில் வந்து நின்று அம்மாவைக் கூப்பிட்டார்.

"செலீனா, நோட்டீஸ் அடிக்கக் குடுக்கப்போறன். ஏழாம் நாள் நீங்கள்தானே? பிறகு மாத்தேலாது. இல்லையெண்டா உன்ர தங்கச்சி இப்பவும் ரெடி."

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிறோஜன் கழன்றது அவருக்குத் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். "நாங்கள்தான், அண்ணை. போடுங்கோ," என்றார். சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

நான் உள்ளே போய்ப் பொத்தானை அமத்தினேன்.

இரண்டாவது ஆளின் பதில் அரை மணித்தியாலத்துக்குள் வந்தது. ஆங்கிலம் இல்லை, தமிழ். "அக்கா, நான்தான். கோவிக்காத. எடுக்கிறன்."

பிறின்சி.

மத்தியான வெயிலில் வாடிக்குப் போனேன். வாசலில் நின்ற கழுதை விலகவில்லை, நான்தான் சுற்றிப் போனேன். தட்டிகள் முழுக்க மீன் பிளந்து கிடந்தது. மேலே காகத்துக்கு வலை. அம்மா உப்புத் தொட்டியடியில் குந்தியிருந்தார். பிறின்சி கூலிங்கிளாசைத் தலைக்கு மேலே ஏற்றிவிட்டு, பார்சல்களுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வா வா, பட்டதாரி அம்மா. கடைசியா இந்தப் பக்கம் வழி தெரிஞ்சிட்டுதோ?"

"நீ ஏன் ஒளிச்சு நிண்டு கேட்டனி?"

"நேரில கேட்டிருந்தாத் தந்திருப்பியோ?"

"இல்லை."

பிறின்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "பாத்தியளோ பெரியம்மா, உங்கட மகள் பொய் மட்டும் சொல்லமாட்டாள். ஊரில வேற ஆராவது எண்டா 'ஐயோ உனக்குத் தராமலோ' எண்டு இழுத்திருப்பினம்."

"அந்த ரொறன்ரோக்காரன் கேட்ட விலைக்கு எடு," என்றேன்.

"ஏன்? முதல் ஆள் விட்டிட்டுப் போனா ரெண்டாவது ஆள் அவன்ர விலையோ குடுக்கிறது, தன்ர விலையோ?"

எனக்கு விடை தெரியும். அம்மாவைப் பார்த்தேன், ஒருமுறையாவது என் பக்கம் நிற்கட்டும் என்று. அம்மா கையில் இருந்த மீனின் வயிற்றுக்குள் உப்பை அழுத்திக்கொண்டே சொன்னார். "தன்ர விலைதான். அதுதானே முறை."

"இன்னும் சுணங்கினா அதிலயும் குறைச்சுக் கேப்பன்," என்றாள் பிறின்சி. "நாறத் தொடங்கின மீன்."

"முதல்ல காசு. தளத்துக்குள்ள கட்டு. வந்த பிறகுதான் பேர். வாய்ச்சொல்லுக்கு இனி நான் ஒண்டும் குடுக்கிறேல்லை."

"என்னையும் அவனோட சேத்திட்டியோ?"

"ஆரோடயும் சேக்கேல்லை. இனி எனக்கு எல்லாரும் ஒண்டுதான். அப்பா வந்து கேட்டாலும் இதுதான்."

அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு விரலில் இருந்த உப்பைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். அவள் வங்கி அட்டை இலக்கத்தை அடித்துக்கொண்டு நின்றபோது, அட்டை செல்லாமல் போகவேண்டும் என்று நான் உண்மையாகவே மன்றாடினேன். எந்தப் புனிதரின் நவநாளுக்காக இந்தக் காசோ, அந்தப் புனிதரிடமே மன்றாடினேன். அவர் கேட்கவில்லை. செல்லுபடியானது.

என் போனில் காசு வந்த செய்தி விழுந்தது. நான் பூட்டைத் திறந்து, பெயரை மாற்றுவதற்கான குறியீட்டை அவளுக்கு அனுப்பினேன். அவ்வளவுதான். வருடக்கணக்கில் என்னுடையதாக இருந்தது, அம்மா அடுத்த மீனை எடுப்பதற்கிடையில் அவளுடையதாகிவிட்டது.

"அக்கா," என்றாள். குரலில் நக்கல் இல்லை. "அதில கடைப் பக்கத்தையும் நீயே கட்டித் தாவன். சும்மா இல்லை, சம்பளம் தாறன்."

"வேற ஆளைப் பார்."

"உன்னை விடத் தெரிஞ்ச ஆள் இஞ்ச ஆர் இருக்கினம்?"

இந்த ஒரு வசனத்துக்காக நான் எத்தனை பேரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்! அரசாங்கக் கந்தோர்களில், நேர்முகப் பரீட்சைகளில், சொந்தக்காரரின் கலியாண வீடுகளில். கடைசியில் அது இவளுடைய வாயிலிருந்தா வரவேண்டும்?

"கொழும்பில இருப்பாங்கள். தேடு," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வேலை முடிந்து அம்மா வந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே கேட்டார். "கட்டிக் குடுத்தா என்ன?"

"நீங்கள் அவளிட்டக் கூலிக்குப் போறது காணாதோ? நானும் வந்து பக்கத்தில குந்தட்டோ?"

"நான் கூலிக்குத்தான் போறன். அழுதுகொண்டு போகேல்லையே."

"நான் அழுவன்."

"அப்ப இரு," என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. பூவுக்கு யாரிடம் சொல்வது, சனத்துக்குக் கடிக்கப் பட்டிஸ் எத்தனை தட்டுப் போடுவது என்ற கதைக்குப் போய்விட்டார். அப்பா அன்றைக்கே முடிவெட்டப் போனார்.

ஏழாம் நாள் கோயில் நிரம்பி வழிந்தது. பீடம் முழுக்க வெள்ளைப் பூ. அம்மா பச்சைச் சீலையில் முன்வரிசை வாங்கில் இருந்தார். அப்பா கழுத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டு மூச்சுவிட முடியாமல் இருந்தார். சுவாமி வாசித்தார். "இன்றைய நவநாளைச் சிறப்பிப்பவர்கள் அமிர்தநாயகம், செலீனா குடும்பத்தினர்." அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. அடுத்த பின்வரிசையில் இருந்த சித்தி அம்மாவின் தோளைத் தொட்டார். நான் இந்தக் கணத்துக்காகத்தான் எல்லாவற்றையும் விழுங்கினேன். விழுங்கியது வீண்போகவில்லை என்று அம்மாவின் முதுகு சொன்னது.

ஆனால் என் மனம் அங்கே நிற்கவில்லை. பூசைக்கு முதல் கோயில் வாசலில் பிறின்சி போனைக் காட்டியிருந்தாள். கொழும்பில் யாரோ கட்டிக்கொடுத்த பக்கம். கறுப்புப் பின்னணி, சிவப்பு எழுத்து, கட்டாவா கரிக்கட்டையா என்று தெரியாத படம். வாங்குகிற பொத்தானை ஆகக் கீழே கொண்டுபோய் வைத்திருக்கிறான் மடையன். போனில் பார்க்கிற எந்தச் சனம் அதுவரை இறங்கும்? "எப்பிடி இருக்குது அக்கா?" என்று கேட்டாள். "வடிவாத்தான் இருக்குது," என்றேன். நான் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்கவேண்டும். அவளும் நம்பிவிட்டாள்.

இப்போது சனம் முழங்காலில் நின்று பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று நானும் எல்லோரோடும் வாயசைத்தேன். மனதுக்குள் பின்னணியை வெள்ளையாக்கி, படத்தை வெயிலில் எடுத்த படமாக மாற்றி, அந்தப் பொத்தானை மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன். ஏற்றி முடிந்ததும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அவளிடம் சொல்லமாட்டேன்.