மூன்றாவது ஊசி

ஷம்சாத்தின் கருப்பை வாயில் வெள்ளைத் திட்டு ஒன்று இருப்பதாகப் பரிசோதனை முகாமில் சொன்னபோது, அவள் கணவன் ஜாஃபர் சாதிக் சவூதியின் தம்மாமிலிருந்து விடுப்பில் வருவதற்குச் சில நாட்களே இருந்தன.

"கால் மணி நேர வேலைதாங்கா," என்றாள் செவிலி செம்மொழி. "அந்த எடத்த ஒறைய வச்சு அழிச்சிருவாங்க. பெருசா வலிக்காது. ஆனா ஒரு மாசத்துக்கு வீட்டுக்காரர்கூடச் சேரக் கூடாது."

இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு வருகிறவனுக்குக் கிடைத்திருந்தது ஒன்றரை மாத விடுப்பு. அதில் ஒரு மாதத்தை எந்த மனைவி திருப்பிக் கேட்பாள்? கேட்டாலும் என்ன காரணம் சொல்வாள்?

"அவங்க போனதும் வர்றேன் சிஸ்டர்."

"இந்த ஊருல பிளேன் எறங்குற தேதியப் பாத்துத்தாங்கா வைத்தியத்துக்கே நாள் குறிக்கணும் போல," என்று செம்மொழி சிரித்தாள். குடவாசல் பக்கம் நடவுக் கூலிக் குடும்பமொன்றில் பிறந்து, படித்து வேலைக்கு வந்தவள் அவள். விடுப்புக் காலங்களில் சிகிச்சை அறை வெறிச்சோடிக் கிடப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

ஜாஃபர் வந்தான், போனான். அவன் விமானம் ஏறிய மாதமே ஷம்சாத்துக்கு நாள் தள்ளிப்போயிற்று. கர்ப்பத்தில் அந்தச் சிகிச்சை கூடாது, பிரசவத்துக்குப் பின் பார்க்கலாம் என்றார்கள். மகன் சுஹைப் பிறந்தான். பால்குடிப் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது என்று ஓர் ஆண்டு கழிந்தது. அதற்குள் அடுத்த விடுப்பு வந்துவிட்டது. வேளை கெட்டு உதிரம் போகத் தொடங்கியபோது, வயதின் கோளாறு என்று எண்ணிக்கொண்டாள். 2009ஆம் ஆண்டின் குறுவை அறுவடை முடிவதற்குள் தஞ்சாவூரில் அவளுக்குக் கரண்டு வைக்கத் தொடங்கியிருந்தார்கள். கதிர்வீச்சுக்கு ஊரில் அதுதான் பெயர். நோய்க்குப் பெயர் இல்லை; வயிற்றில் கட்டி என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

அப்போதுதான் செம்மொழி மறுபடி வந்தாள். இம்முறை வந்தது ஊசி பற்றிப் பேச.

"கல்யாணம் ஆகாத பொம்பளப் புள்ளைங்களுக்குக்கா. ஒங்களுக்கு வந்தது அதுங்களுக்கு வராம இருக்க. பாதிப் பேருக்கு ரெண்டு ஊசி, பாதிப் பேருக்கு மூணு. ரெண்டே போதுமான்னு பாக்குற ஆராய்ச்சி. அம்மாவோ அத்தாவோ ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும்."

மகள் ஃபஹ்மிதாவுக்குப் பதின்மூன்று வயது. ஷம்சாத்துக்குக் கையெழுத்திடத் தெரியும். கணவனைக் கேட்காமல் கையெழுத்திட்டுத்தான் பழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜாஃபர் தொலைபேசியில் அழைப்பான்.

"புள்ளைக்கு என்னத்துக்கு ஊசி?"

"எனக்கு வந்துருக்குல்ல, அது வராம இருக்கங்க."

"அது என்ன அம்மையா, ஒட்டிக்கிறதுக்கு?"

"கிருமியாலதான் வருதாம். கல்யாணத்துக்கு அப்புறம்… சேர்றதுல."

மறுமுனையில் ஏசியின் இரைச்சல் நின்றது; அவன் அறையைவிட்டு வெளியே வந்திருந்தான்.

"அப்ப ஒனக்கு யாருகிட்டேருந்து வந்துச்சாம்? அதயும் அந்த சிஸ்டரே சொல்லிட்டாளா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். அவள் வாழ்வில் இன்னொரு ஆண் இல்லை. எட்டுப் பேர் தங்கிய அறையில் கழிந்த அவன் வாழ்வைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"நெறைய பேருக்கு இருக்கறதுதானாம். எங்கேருந்து வந்துச்சுன்னு யாரையும் கைகாட்ட முடியாதாம்," என்றாள். செம்மொழி சொன்னதும் அதுதான்.

"இந்த மாதிரி ஊசியப் போட்டா நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல என்ன கேப்பாங்க? வேணாம்."

"சரிங்க."

திங்கட்கிழமை மகளை அழைத்துப் போய்க் கையெழுத்திட்டாள். குலுக்கலில் ஃபஹ்மிதாவுக்கு மூன்று ஊசி என்று விழுந்தது. ஷம்சாத்துக்கு அதில் நிறைவு. இரண்டைவிட மூன்று எப்படியும் மேல்.

"வலிச்சுச்சாடி?"

"கொசு கடிச்ச மாதிரிதாம்மா. நீதான் கண்ண மூடிக்கிட்ட."

இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. மூன்றாவதற்கு முன், சித்திரை பிறந்த கையோடு, செம்மொழி வீட்டுக்கே வந்தாள்.

"டெல்லியிலேருந்து உத்தரவுக்கா. வேற மாநிலத்துல வேற ஒரு ஊசித் திட்டத்துல பிரச்சினை. நம்மளதையும் சேத்து நிறுத்திட்டாங்க."

"இவளுக்குத்தான் ரெண்டு போட்டாச்சே. அது போதுமா?"

"அதக் கண்டுபிடிக்கத்தாங்கா இந்த ஆராய்ச்சியே."

இருவரும் சிரிக்கவில்லை.

"ரத்தம் மட்டும் வருஷா வருஷம் எடுத்துப் பாப்பாங்க," என்றாள் செம்மொழி. "காப்பு நிக்கிதா கொறையுதான்னு தெரியும். கொறஞ்சா, திரும்ப ஊசி வர்றப்ப இவளுக்கு வாங்கிப் போட்டுறலாம். ஆனா அதுவரைக்கும் வீட்டுல யாராச்சும் இவள ரத்தம் குடுக்க விடணும்."

கல்லீரலுக்குப் பரவிவிட்டது, இனிக் கரண்டு வைத்துப் பயனில்லை என்று தஞ்சாவூரில் முந்தைய வாரம் சொல்லியிருந்தார்கள். ஆகவே 'யாராச்சும்' என்பது இனி ஜாஃபர் ஒருவனையே குறிக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் சுற்றி வளைக்கவில்லை.

"ஊசி போட்டாச்சுங்க."

"வேணாம்னு சொன்னேன்ல? என்னயக் கேக்காம, என்ன தைரியத்துல…"

அவன் திட்டி முடிக்கும்வரை காத்திருந்தாள். அதற்கு நேரமாயிற்று.

"இன்னும் எத்தன வெள்ளிக்கிழம ஒங்ககிட்டப் பேசுவேன்னு எனக்குத் தெரியலங்க. வருஷத்துக்கு ஒரு தடவ ரத்தம் எடுக்க வருவாங்க. எனக்கப்புறம் நீங்க வேணாங்கக் கூடாது."

இம்முறை அவன் குரல் தணிந்து வந்தது.

"ஷம்சாத், இது எங்கிட்டேருந்துதான் வந்துச்சா?"

யாரையும் கைகாட்ட முடியாது என்ற விடை அவளிடம் இருந்தது. முன்பு ஒருமுறை சொன்னதுதான். அதைச் சொன்னால் அவன் ஆறுதலடைவான். ஆறுதலடைந்தவன் அடுத்த ஆண்டு செம்மொழியை வாசலோடு திருப்பி அனுப்புவான்.

"ஆமாங்க," என்றாள்.

அவன் இருந்த அறையில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"வரச் சொல்லு," என்றான் ஜாஃபர். "ரத்தம் எடுக்க வரட்டும். நான் ஒன்னும் சொல்லல."

"இருங்க, ஃபஹ்மிதாவக் கூப்புடுறேன்," என்றாள் ஷம்சாத். "ரத்தம் எடுக்க வரட்டும்னு அவ காதுலயும் ஒரு தடவ சொல்லிருங்க."