எந்தப் பந்து

"அப்பா, அந்தப் பந்து தரையில பட்டுச்சா?" என்று ஆறு வயதில் மகள் கேட்டாள், பழைய ஆட்டத்தின் பதிவைத் தொலைக்காட்சியில் போட்டுவிட்டு அவளை மடியில் வைத்துக்கொண்டு பெருமையாக உட்கார்ந்திருந்த நேரம், திரையில் இளவயது அப்பா முன்னால் பாய்ந்து விழுந்து கையுறையைத் தூக்கிக் காட்டிக் கத்துகிறார், நடுவர் விரலை உயர்த்துகிறார்... இல்லம்மா, படல என்று சொல்லியாயிற்று, அவளும் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள், இப்போது அவளுக்கே முப்பது வயது, கேள்வி மட்டும் இன்னும் தூங்கவில்லை, அதுவும் தேர்வுக் குழு கூடும் நாட்களில், அன்று அவுட்டாகிப் போன அதே இடதுகைக்காரர் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது. அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவரை யாரும் நாட்டு அணிக்குக் கூப்பிடவில்லை. அவருக்குத் தெரியுமா? தெரியாமலா இருக்கும், பத்தடி தூரத்தில் நின்றவர் ஆயிற்றே.

காலையிலிருந்து பதினான்கு பேர் முடிந்து விக்கெட் கீப்பர் மட்டும் பாக்கி. "மூணு பேர் உக்காந்து ஒரு கீப்பரப் பிடிக்க முடியலன்னா வெளிய சிரிப்பாங்கய்யா" என்றார் தலைவர், போட்டியில் இரண்டு பேர், அவருக்கு நெட்டையன்தான் வேண்டும், நெட்டையன் சிக்ஸர் அடிப்பான், விளம்பரத்தில் வருவான், தலைவரின் மருமகனோடு வேறு சுற்றுவான், அதில் என்ன கணக்கோ. இன்னொருவன் சாமியார். போன மாத இறுதி ஆட்டத்தில், நடுவர் அவுட் கொடுத்த பிறகும், பந்து தரையில் பட்டுத்தான் கைக்கு வந்தது என்று மட்டையாளரைத் திரும்ப அழைத்தான், அந்த ஆள் நின்று நூறு அடித்தான், சாமியாரின் அணி தோற்றது, அன்றிலிருந்துதான் இந்தப் பெயர். "சாமியாருக்கு ஜெபமாலையக் குடுங்க, கையுறை எதுக்கு?" என்று தலைவர் சிரிக்க, இடதுகைக்காரர் சிரிக்காமல், "கை எப்படின்னு மட்டும் பாருங்க சார்" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார்? தலைவரையா, என்னையா? சாமியாரின் பெயரை இந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவந்ததே இவர்தானே, எத்தனை கீப்பர்கள் இருக்க, குறிப்பாக இவனை, குறிப்பாக என் முன்னால்... ஊசி ஏற்றுகிறாரா மனிதர், இருபத்தெட்டு வருடம் காத்திருந்து?

ஆனால் கை நல்ல கைதான். ஐந்து நாள் பார்த்தாயிற்று, எந்த வேகத்தில் வந்தாலும் அவன் கையுறையில் பந்து சத்தமில்லாமல் போய் உட்காரும், நெட்டையனிடம் அறைந்த மாதிரி கேட்கும். சாமியாருக்கு முப்பது வயது, இந்த முறை விட்டால் இனி அவனுக்கு இல்லை. பிறகு ஏன் பேனா ஓடவில்லை? அவன் பெயரை எழுதினால் நான் எதையோ ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றா?

இடதுகைக்காரர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து இந்தப் பக்கம் தள்ளினார். எல்லாக் கூட்டத்திலும் இதே வேலை. பந்து பட்டுப் பட்டுக் கோணிப்போன என் விரல்களுக்கு மூடி சுற்ற வராது என்பது தெரிந்துதான்... இந்தக் கையா அன்று சுத்தமாகப் பிடித்தது என்று இடித்துக் காட்டத்தான், என்று இத்தனை நாளும் நினைத்தாயிற்று. இன்று பார்த்தால் தலைவருக்கும் ஒன்று திறந்து வைக்கிறார், "ஏன்யா, எனக்கென்ன கை இல்லையா?" என்று தலைவர் கேட்க, "மூடி ரொம்ப இறுக்கம் சார்" என்கிறார். அட, எப்போதுமே மூன்றையும் திறக்கிறாரே... மூன்றையும் திறந்தால், எனக்காகத் திறந்தது யாருக்கும் தெரியாது. ஆண்டவனே, பழி வாங்குகிறவன் இப்படியா செய்வான்?

வழக்கம்போல ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, மடித்துப் பழைய தொப்பிக்குள். பென்சிலைக் கோணல் விரல்களுக்குள் இடுக்கி எழுதினேன். சாமியாருக்கு இரண்டு, நெட்டையனுக்கு ஒன்று. "யார் எழுதினதுன்னு நான் கேக்கல" என்று தலைவர் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு போனில் பேசிக்கொண்டே வெளியேறினார். "வரேன் சார்" என்றார் இடதுகைக்காரர், பையை எடுத்துக்கொண்டு, முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக.

காலி அறை. போனை எடுத்து மகளுக்கு எழுதினேன், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி: 'தரையில் பட்டதும்மா. அன்று பொய் சொன்னேன்.' அனுப்பியாயிற்று, இருபத்து நான்கு வருடம் பிந்திய பதில், மார்பில் ஏதோ கட்டு அவிழ்ந்த மாதிரி... உடனே பதில் வந்தது: 'எந்தப் பந்துப்பா?'

எந்தப் பந்து என்று கேட்கத் தேவையில்லாதவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். படியில் அவருடைய காலடிச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது, பாதி தூரம்கூட இறங்கியிருக்கமாட்டார்.